மேட்டில் மட்டும் திறக்கும் வாய்

போன வெள்ளிக்கிழமை ஒரு காரில் பயணம் போனேன். பாதி தூரம் காருக்குள்ளே. மீதி தூரம் காருக்கு முன்னாலே... நடந்து!

சிரிக்காதீர்கள். நடந்ததைத்தான் சொல்கிறேன்.

நோர்வூட் டவுனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே தெரிந்தவர் வீட்டில் சடங்கு. மல்லிகாவின் காரில் ஏறினேன். அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு மல்லிகாவைத் தெரியும். தெரியாதவர்களுக்காக — கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்த பெண். அந்தத் தோட்டத்தின் மேல் டிவிசனில் கார் ஓட்டும் ஒரே பெண். கார் பழைய டர்போ டீசல். எவ்வளவு பழசு என்கிறீர்களா? அதற்குக் காலாகாலத்தில் கல்யாணம் கட்டி வைத்திருந்தால் இந்நேரம் பேரப்பிள்ளை எடுத்திருக்கும்.

மேல் டிவிசன் லயங்கள் — தொழிலாளர்களின் வரிசை வீடுகள் — மலைக்கு அந்தப் பக்கம், ஒரு பள்ளத்துக்குள் இருக்கின்றன. உள்ளே போகவும் ஏற்றம், வெளியே வரவும் ஏற்றம். நடுவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு மேடு. அதன் வளைவில் முனியாண்டி சாமி கல் ஒன்று இருக்கிறது. எந்த டிரைவராக இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு கையை ஸ்டியரிங்கில் இருந்து எடுத்து ஒரு கும்பிடு போடுவார். அதனால் அதற்குப் பெயரே கும்பிடு மேடு.

அன்று மல்லிகாவும் கும்பிட்டார். ஆனால் கார் கேட்கவில்லை.

முதல் கியர். மிதி முழுசாக அமுங்கியிருக்கிறது. பின்னால் கரிச்சட்டியைக் கவிழ்த்த மாதிரி கறுப்புப் புகை. கார் முக்குகிறது, முனகுகிறது... நின்றே விட்டது.

"சார், கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம் எறங்கி நடந்தீங்கன்னா ஏறிரும்."

நானும், சீர்த்தட்டோடு வந்த இரண்டு பெண்களும் இறங்கினோம். மேலே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இலவச நாடகம்!

"என்னாங்க சார், காருக்கு வழி காட்டுறீங்களா?"

"அடியே, சார் கார நடக்கப் பழக்குறாருடி!"

இந்த மலையில் வாய்க்கு வரி கிடையாது, பாருங்கள். நானும் சிரித்துக்கொண்டே நடந்தேன். மேலே போய்ச் சேர்ந்து, பின்னால் ஏறி வந்த காரைத் திரும்பிப் பார்த்தால், மல்லிகா மட்டும் சிரிக்கவில்லை.

"செவ்வாக்கிழம சசிகலாவுக்குக் கிளினிக் சார்" என்றார்.

சசிகலா அந்த லயத்துப் பெண். தலைப்பிரசவம். ஏழாம் மாதம். வளைந்து வளைந்து போகிற ரோட்டில் வாந்தி வந்துவிடும் அவருக்கு. அந்தப் பக்கம் ஓடுகிற இன்னொரு வேன்காரரிடம் பாட்டைக் குறைக்கச் சொன்னால் கூட்டுவாராம். நிறுத்தச் சொன்னால், "நேரமாகுது, ஜன்னலத் தொறந்துக்க" என்பாராம். அதனால் மல்லிகாவின் காரில் மட்டும்தான் வருவேன் என்று ஒரே பிடி.

"போன மாசம் இதே மேட்டுல வண்டி இழுக்கல சார். பாதியிலேயே திரும்பிட்டோம். அவ கிளினிக்குக்குப் போகவே இல்ல. இந்த மாசமும் போகாம விட்டா...?"

கதவைத் திறந்து எங்களை ஏறச் சொன்னார்.

டவுனில் ஒருவர் காரைப் பார்த்துவிட்டு, "டர்போ போச்சு, புதுசு போடணும்" என்று சொல்லிவிட்டாராம். இன்னொருவர் டீசல் ஃபில்டரை மாற்றிக் கொடுத்தாராம். ஒன்றும் நடக்கவில்லை. லயத்து ஆண்களோ அதைவிடச் சுலபமான காரணத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள் — 'பொம்பள ஓட்டுறா. அப்புறம் எங்க இழுக்கும்?'

மறுநாள் காலை மல்லிகா காரை நோர்வூட்டுக்குக் கொண்டுபோனார். நானும் தொற்றிக்கொண்டேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் அடுத்தவர் கார் ரிப்பேராகும்போது பக்கத்தில் நின்று பார்ப்பதைப் போல ஒரு சுகம் உலகத்தில் உண்டா, சொல்லுங்கள்?

கராஜ்காரர் நஸீர் நானா — நானா என்றால் அண்ணன். அடக்கம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள். "என்ஜின் எனக்கு மாமி மகள் மாதிரி சார். மூஞ்சப் பார்த்தா மனசச் சொல்லிருவேன்" என்றுதான் ஆரம்பித்தார்.

காரை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். காது கொடுத்துக் கேட்டார். பின்னால் போய்ப் புகையைப் பார்த்தார்.

"ஏத்தத்துல என்ன கலர் புகை?"

"கறுப்பு நானா."

"சந்தோஷம்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது?

"நீலமா வந்தா எண்ணெய் எரியுதுன்னு அர்த்தம் சார். செலவு. வெள்ளையா வந்தா டீசல் எரியாமலே வருதுன்னு அர்த்தம். தலைவலி. கறுப்புன்னா சோறு ஈக்கிது, மூச்சு இல்ல. டீசல் போகுது, காத்து பத்தல. அவ்வளவுதான்."

காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டினார். சுத்தம். பிறகு ஒரு குழாயைக் கழற்றி, டர்போவை எனக்குக் காட்டினார். தேங்காய்ச் சிரட்டைக்குள் அடங்கிவிடக்கூடிய ஒரு சின்னச் சக்கரம். பூவிதழ் மாதிரி மெல்லிய தகடுகள். விரலால் தட்டினார். சத்தமே இல்லாமல் சுற்றியது.

"ஆட்டம் இல்ல, உரசல் இல்ல. டர்போ போச்சுன்னு சொன்னவர்ட கண்ணுதான் போச்சு. இது புது மாப்பிள்ளை மாதிரி ஈக்கிது."

"இதுதான் காத்த இழுக்குமா நானா?" என்று கேட்டேன்.

"இழுத்து, அமுக்கி, உள்ளுக்குத் தள்ளும். இத சுத்துறது யாருன்னு நெனைக்கிறீங்க? பெல்ட் இல்ல, மோட்டர் இல்ல. வெளிய போற புகை! புகை போற வழில ஒரு சக்கரம். அதே அச்சுல இந்தப் பக்கம் இது. அது சுத்தினா இதுவும் சுத்தும்."

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பெரிய படிப்பாளிகளுக்கு இது பழைய செய்தியாக இருக்கலாம். எனக்கு அன்றுதான் தெரியும். வேண்டாம் என்று வெளியே தள்ளுகிற மூச்சு, போகிற போக்கில் அடுத்த மூச்சை உள்ளே பிடித்துத் தள்ளிவிட்டுப் போகிறது! எங்கள் மலையில் காற்றே மெலிசு. அந்த மெலிந்த காற்றையும் இந்தச் சின்னப் பூச்சக்கரம் அள்ளி அள்ளி அமுக்கிக் கொடுத்துத்தான் இத்தனை வருஷம் இத்தனை பேரை மேலே ஏற்றியிருக்கிறது. எத்தனை தடவை இந்தக் காரில் உட்கார்ந்திருப்பேன்? ஒரு தடவையாவது நினைத்துப் பார்த்திருப்பேனா?

சரி... சக்கரம் சரி, வடிகட்டி சரி. அப்படியானால் காற்று எங்கே போகிறது?

நஸீர் நானா பானட்டுக்குள் தலையை விட்டுத் தேடினார். ரொம்ப நேரம் தேடினார். பிறகு தலையை வெளியே எடுத்தார். முகத்தில் மாமி மகளிடம் அடி வாங்கிய களை.

"இந்த என்ஜினக் கழுவினது யாரு?"

"நான்தான் நானா. வெள்ளிக்கு வெள்ளி கழுவிருவேன். மஞ்சத் தண்ணி தெளிச்சு, சந்தனம் வச்சு, கற்பூரம் காட்டாம வண்டிய எடுக்கவே மாட்டேன்."

உண்மைதான். என்ஜின் மினுமினுவென்று இருந்தது. ஒவ்வொரு குழாயிலும் துடைத்த பளபளப்பு. நடுவில் சந்தனப் பொட்டு, அதற்கு மேலே குங்குமம். எங்கள் தோட்டங்களில் வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் வெள்ளிக்கிழமை பூஜை போடுவார்கள்தான். வெளியே கழுவி, பம்பருக்கு மாலை போடுவார்கள். மல்லிகாவுக்குப் பக்தி கொஞ்சம் கூடுதல். உள்ளேயும் குளிப்பாட்டிவிடுவார்.

நானா தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"தங்கச்சி... கொல நடந்த வீட்டக் கழுவி, கோலமும் போட்டு வச்சிட்டுப் பொலிஸக் கூப்பிட்டிருக்கீங்க!"

விஷயம் இதுதான். டர்போ தள்ளுகிற காற்றில் கொஞ்சம் எண்ணெய்ப் பசையும் கலந்திருக்குமாம். குழாயில் எங்காவது ஓட்டை இருந்தால், காற்றோடு அந்தப் பசையும் வெளியே கசியும். அதில் தூசி ஒட்டும். கறுப்பாக ஒரு தடம் விழும். மெக்கானிக்குக்கு அதுதான் கைரேகை. அந்தக் கைரேகையைத்தான் மல்லிகா வாராவாரம் பக்தி சிரத்தையோடு துடைத்து எடுத்திருக்கிறார்.

"ரெண்டு மூணு வெள்ளிக்குக் கழுவாம ஓட்டுங்க. தானா காட்டிக் குடுக்கும்."

"செவ்வாக்கிழம கிளினிக் நானா!"

பக்கத்துத் தேநீர்க் கடையின் பெஞ்சில் மேல் டிவிசன் லயத்து மணியண்ணன் உட்கார்ந்திருந்தார். நல்ல ஆகிருதி. நாக்கு அதைவிடப் பெரிது. கூடவே இன்னும் சிலர்.

"நானா, வண்டில ஒண்ணும் பிழை இல்ல. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்! என்கிட்டக் குடுத்துப் பாருங்க, ரெண்டாவது கியர்ல ஏத்திக் காட்டுறேன்!"

பெஞ்ச் முழுக்கச் சிரிப்பு.

மல்லிகா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துடைத்து வைத்த என்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முன் கதவைத் திறந்து டேஷ்போர்டில் கிடந்த விபூதிப் பொட்டலத்தை எடுத்தார்.

"நானா, கறுப்புத் தடம் தானே தெரியணும்? கறுப்புக் குழாய்ல கறுப்பு தெரிய நாளாகும். குழாய வெள்ளையாக்கிட்டா?"

நானா குழாயைப் பார்த்தார், விபூதியைப் பார்த்தார்.

"அல்லாவே..." என்றார். பிறகு ஒரு எட்டு பின்னால் போய் நின்றுகொண்டார். "நீங்களே பூசுங்க தங்கச்சி. உங்க சாமி சாமான். நான் எண்ணெக் கையோட தொடக்கூடாது."

மல்லிகா விபூதியைத் தண்ணீரில் குழைத்து, ஒவ்வொரு குழாயிலும் மேலும் கீழும் பூசினார். உதடு எதையோ முணுமுணுத்தது. என்ஜின் சூட்டில் ஈரம் காய்ந்ததும் பார்த்தால், பானட்டுக்குள் ஒரு சாமியார் கூட்டமே உட்கார்ந்திருந்தது!

"இப்ப மேட்டுல ஏத்தணும். காலி வண்டியாப் போனா தெரியாது. பாரம் ஏறி, முக்கி இழுக்கும்போதுதான் டர்போ முழு மூச்சும் விடும்" என்றார் நானா. "பாரத்துக்கு என்ன செய்ற? உர மூட்டை ஏதாச்சும் கிடைக்குமா?"

மல்லிகா பெஞ்சைப் பார்த்தார்.

"மூட்டை எதுக்கு நானா? அந்தா இருக்கே!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வாங்க மணியண்ணே, கூடம் கோணலா இல்லியான்னு உள்ள உக்காந்தே பாருங்க" என்று மல்லிகா கதவைத் திறந்து பிடித்தார். இத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? மணியண்ணன் ஏறினார். கார் ஒரு பக்கம் சாய்ந்தது. பெஞ்சில் இருந்த மற்றவர்களும் ஏறினார்கள். நானா முன்னால். நான் நடுவில் நசுங்கி.

கும்பிடு மேடு வந்தது. அதே முனகல். அதே கறுப்புப் புகை. அப்போது ஒரு வேடிக்கை பாருங்கள். யாரும் சொல்லாமலே நாங்கள் எல்லோரும் முன்பக்கம் குனிந்துகொண்டோம், எங்கள் மூச்சைக் கொடுத்து ஏற்றிவிடுகிற மாதிரி! அதிகமாகக் குனிந்தவர் மணியண்ணன்தான்.

"இழு தாயி... இழு, இழு..." என்று அவர் வாய் அவரையறியாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

முனியாண்டி கல்லுக்குப் பக்கத்தில் கார் நின்றது. இறங்கி பானட்டைத் திறந்தோம்.

எல்லாக் குழாயும் வெள்ளை வெளேரென்று அப்படியே இருக்கிறது. டர்போவில் இருந்து வருகிற குழாயில் மட்டும், வளைகிற இடத்தில், அடிப்பக்கமாக, ஊதிவிட்ட மாதிரி விசிறியாக ஒரு கறுப்பு ஈரம். விபூதி கரைந்து பறந்து போயிருந்தது.

நானா டார்ச்சைக் கேட்டு வாங்கி அடியில் காட்டினார். ஒன்றும் தெரியவில்லை. வழுவழுவென்ற ரப்பர். கீறல்கூட இல்லை. பிறகு இரண்டு கையாலும் குழாயைப் பிடித்து மெல்ல வளைத்தார்.

வாய் திறந்தது.

ஆமாம், வாய்தான். உதடு பிரிகிற மாதிரி நீளமாக ஒரு வெடிப்பு. கையை எடுத்தார். மூடிக்கொண்டது. மறுபடி வளைத்தார். திறந்தது. நாங்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தோம். கோவிலில் திரை விலகும்போது பார்ப்பது போல.

"நின்ன எடத்துல பார்த்தா ஆயுசுக்கும் தெரியாது சார். சும்மா நிக்கும்போது வாய மூடிக்கும். சமதரையில ஓடும்போதும் மூடிக்கும். மேட்டுல பாரம் ஏறினா மட்டும் தொறந்து, உள்ள போற காத்தெல்லாம் வெளிய விட்டுரும்."

மணியண்ணன் ரொம்ப நேரம் அந்த வெடிப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "இத வச்சிக்கிட்டா இவ்வளவு நாளும் ஏத்தின?" என்று மல்லிகாவைக் கேட்டார். அந்தக் குரலில் கிண்டல் இல்லை.

"ஏத்துனேன் அண்ணே. எறக்கி நடக்க விட்டும் ஏத்துனேன்."

நானாவின் கராஜுக்குப் பின்னால் இதே ஜாதிக் கார் ஒன்று செத்துக் கிடக்கிறது. அதில் இருந்து நல்ல குழாயாகப் பார்த்துக் கழற்றி, வளைத்து வளைத்துச் சோதித்து, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு முறுக்கினார். மறுபடியும் அதே மேடு. அதே பாரம் — இந்தத் தடவை மணியண்ணனைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை, அவரே முதல் ஆளாக ஏறி உட்கார்ந்திருந்தார்.

எப்படிச் சொல்வேன்? மிதியை அழுத்தினார் மல்லிகா. மெல்லிசாக ஒரு விசில் சத்தம் எழுந்தது. யாரோ நெஞ்சில் கை வைத்து சீட்டோடு சேர்த்து அழுத்தின மாதிரி இருந்தது. இரண்டாவது கியர். புகை இல்லை. முனகல் இல்லை. கும்பிடக் கையைத் தூக்குவதற்குள் முனியாண்டி பின்னால் போய்விட்டார்!

"அடியேய், மெதுவா! எனக்குப் புள்ளகுட்டி இருக்கு!" என்று மணியண்ணன் கத்தினார். காரே குலுங்கியது, சிரிப்பில்.

அது வரைக்கும்தான் இந்த வாரம் எழுதலாம் என்று இருந்தேன். பேனாவை மூடப் போகும்போது செவ்வாய்க்கிழமை சாயந்தரம் மல்லிகா போன் பண்ணினார்.

"கிளினிக் போனீங்களா?"

"போனோம் சார். அதச் சொல்லத்தான் எடுத்தேன்."

சசிகலா நன்றாக உடுத்தி, பவுடர் பூசி, பொட்டு வைத்துக்கொண்டு வந்தாராம். லயத்தில் இருந்து ரோட்டுக்கு வரக் கல்படி ஏற வேண்டும். மேலே காரில் காத்திருந்த மல்லிகா பார்த்திருக்கிறார். சசிகலா ஏறுகிறார், நிற்கிறார். ஏறுகிறார், நிற்கிறார். "என்னாடி?" என்றால், "ஒண்ணுமில்லக்கா, அந்தப் பூவப் பாக்குறேன்." பூவே இல்லாத இடத்தில் என்ன பூ?

கிளினிக்கில் வரிசை. பெஞ்சில் நெடுநேரம் உட்கார்ந்ததில் மூச்சு சமாதானமாகிவிட்டது. முகம் தெளிந்துவிட்டது. மிட்வைஃப் கேட்கிறார்:

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் மிஸ்."

"களைப்பு, மயக்கம்?"

"இல்ல மிஸ்."

"மூச்சு வாங்குதா?"

"ஐயோ, இல்லவே இல்ல மிஸ்."

கதவோரம் நின்ற மல்லிகாவுக்குப் பொறுக்கவில்லை.

"மிஸ், கோவிச்சுக்காதீங்க. அவள உக்கார வச்சுக் கேக்காதீங்க. வாசப் படியில மெதுவா ஏறி வரச் சொல்லிட்டுக் கேளுங்க."

மிட்வைஃப் முதலில் சிரித்திருக்கிறார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு சசிகலாவைக் கையைப் பிடித்து எழுப்பி, கொஞ்சம் நடக்க வைத்திருக்கிறார். நாலு படி ஏறுவதற்குள் பவுடருக்கு அடியில் முகம் வெளுத்துப் போனது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சிவப்பே இல்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மிகவும் குறைவு. டாக்டர் வீட்டுக்கு விடவில்லை, வார்டில் சேர்த்துக்கொண்டார். இன்னும் ஒரு மாதம் தள்ளிப் போயிருந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் கஷ்டமாகியிருக்கும் என்றாராம். இப்போது பயமில்லை. பிள்ளையின் துடிப்பு நன்றாக இருக்கிறது.

"ஏன்டி சொல்லலன்னு கேட்டேன் சார். சொன்னா ஆஸ்பத்திரியில வச்சுக்குவாங்கன்னு பயமாம்."

எத்தனை பேரைத் தினம் பார்க்கிறோம்? பஸ் ஸ்டாண்டில், கல்யாண வீட்டில், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில்... எல்லோரும் நல்லாத்தான் இருக்கிறார்கள். நாமும் சமதரையில் நிறுத்தி வைத்துத்தான் சுகம் விசாரிக்கிறோம். அவரவர் மேட்டில் அவரவர் ஏறும்போது பக்கத்தில் இருந்து பார்க்கிறவர் யார்? அப்படி ஒருத்தர் வாய்த்துவிட்டால், அதைவிடப் பெரிய அதிசயம் இந்த மலையில் வேறு என்ன இருக்கிறது?

"இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

"ரத்தம் ஏத்துறாங்க சார். என்னப் போட்டுக் கிழிக்கிறா. 'என்னை மாட்டி விட்டுட்டீங்களேக்கா, உங்க வண்டியில வந்தது தப்பாப் போச்சு'ன்னு வார்டே கேக்குற மாதிரித் திட்டுறா."

"அடடா..."

"திட்டட்டும் சார். காலையில நாலு படி ஏற மூச்சு இல்லாம இருந்தவ!"